மூன்று நிமிடப் பிடி

ஆளைத் தூக்கி விழுத்துவதற்கு முன்பு மகாதேவி எண்ணுவாள். மனதுக்குள் எண்ணினால் ஒருவருக்கும் தெரியாது. இவள் வாய்விட்டு எண்ணுவாள்: "ஐன்ஸ், ஸ்வை, ட்ரை." ஜெர்மனில் ஒன்று, இரண்டு, மூன்று. விழப்போகிறவளுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை என்ன வேண்டும்? மூன்று வருவதற்குள் எதிரே நிற்கிற துஷானி காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, நட்டு வைத்த தூணாக நின்றுவிடுவாள்.

"அன்ரி, என்னை நிலத்திலை விழுத்தப்போறியளோ, இல்லாட்டிக் கட்டிலிலை ஏத்திப் போர்த்து விடப்போறியளோ?"

"வாயை மூடிக்கொண்டு நில்லும் பிள்ளை. திருப்பிச் செய்வம்."

"செய்யுங்கோ. ஆனா எண்ணாதேங்கோ."

திருப்பிச் செய்வாள். திருப்பியும் எண்ணுவாள். தப்பித்தவறித் துஷானியின் கால் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டாலும், மகாதேவி அவளை எறியமாட்டாள். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, ஒரு கையால் அவளுடைய பிடரியைத் தாங்கி, முட்டைக் கூடையை இறக்குவதுபோல மெத்தையில் இறக்கி வைப்பாள். பயிற்சி கொடுக்கிற ஹைக்கே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். "மகா, அவளுக்குத் தலையணையும் கொண்டு வரட்டுமா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்பாள். மண்டபமே சிரிக்கும். மகாதேவியும் சேர்ந்து சிரிப்பாள்.

குற்றம் அவளுடையதல்ல, கண்ணுகளே. ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள் பராமரிப்பு வேலை செய்கிறாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. நாளொன்றுக்கு எத்தனை உடம்பு! எண்ணிச் சொல்லாமல் தூக்கினால் வயதானவர்கள் பயந்து கட்டில் கம்பியைப் பற்றிக்கொள்வார்கள். அதனால் எண்ணித்தான் தூக்க வேண்டும், தாங்கித்தான் இறக்க வேண்டும். எலும்புக்குள் போய்விட்ட பழக்கத்தை ஐம்பத்து நாலு வயதில் யார் கழற்றுவது?

இது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கையுறை போடாமல் வெறும் கையால் குத்துச்சண்டை போட்டார்கள். இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிற குத்துச்சண்டையில், இரண்டு பேர் கட்டிக்கொண்டு நின்றால் நடுவர் ஓடிவந்து பிரித்துவிடுவார். அந்தக் காலத்தில் பிரிப்பதில்லை. கட்டிக்கொண்டு நிற்பதுதான் பாதிச் சண்டையே. இடுப்புக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். கழுத்தையோ முழங்கையையோ பற்றி, நெஞ்சோடு நெஞ்சு நெருக்கி, தன் இடுப்பை மற்றவருக்குக் குறுக்கே கொடுத்து, திரும்பி எறியலாம். ஒருவர் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. அரை நிமிடம் ஆறிவிட்டு, நடுவில் போட்ட கோட்டுக்கு இருவரும் திரும்பி வர வேண்டும். பழைய புத்தகங்களைப் பார்த்து இதைப் பழகுகிற கூட்டம் ஒன்று, புதன்கிழமை மாலையில் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் கூடும். குத்துகளை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் காட்டுவதோடு சரி. விழுத்துவது மட்டும் உண்மையாக, தடித்த மெத்தையின் மேல். ஹைக்கே கூரை வேயும் தொழிலாளி. அவளுடைய உள்ளங்கை கூரை ஓடுகளைவிடச் சொரசொரப்பு.

மகாதேவியை அங்கே கூட்டிக்கொண்டு போனவள் துஷானிதான். அதே இல்லத்தில் பிசியோதெரபி செய்கிறவள், இருபத்தொன்பது வயது, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். ஒருநாள் மறதி நோய்க்காரக் கிழவர் ஒருவர் மகாதேவியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். துஷானி வந்து விரல் விரலாகக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "புதன்கிழமை என்னோடை வாங்கோ அன்ரி. ஆராவது பிடிச்சால் எப்பிடிக் கழருறது எண்டு பழகலாம்."

போனாள். முதல் நாளே ஹைக்கே அவளைத் தன் முன்னால் நிறுத்திச் சொன்னாள்: "கையை மற. முதலில் தலை. என் தாடைக்குக் கீழே தலையைக் கொண்டுவா. காதை என் நெஞ்சில் ஒட்டு. இடைவெளி விட்டாயானால் அதற்குள்ளால் குத்து வரும். இடைவெளி விடாதே."

மகாதேவி முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருதயம் அடிப்பது கேட்டது. ஹைக்கேயின் ஒரு கை அவளுடைய பிடரியில் இருந்தது, மற்றக் கை முழங்கையை இறுக்கியிருந்தது. இப்படியே மூன்று நிமிடம், மூச்சு விட்டுப் பழக வேண்டும் என்றார்கள்.

திரும்பி வரும்போது ட்ராமில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வியர்வை கண்ணுக்குள் போய்விட்டது என்று துஷானிக்குச் சொன்னாள். காரணம் அவளுக்குத் தெரியும். அவளை ஒருவர் அணைத்து மூன்று வருடமாகியிருந்தது. பகல் முழுவதும் அவள் மனிதர்களைத் தொடுகிறாள், கழுவுகிறாள், புரட்டுகிறாள். அவளை யார் தொடுகிறார்கள்? பிடியிலிருந்து கழரப் பழகப் போனவள், பிடிபட்டு நிற்பதற்காகவே அடுத்த புதன்கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள்.

வீட்டில் ஆள் இல்லாமலில்லை. கணவர் ஸ்ரீதரன் இருந்தார், நல்ல மனிதர். முப்பது வருடம் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நின்றவர். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சைத் திறந்து இதயத்தில் உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். அது வேலை செய்கிற சத்தம் வெளியே கேட்கும். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்ததுபோல, டிக், டிக், டிக்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆறாம் கிழமை டாக்டரிடம் டேர்மின், பார்க்கக் குறித்துத் தந்த நேரம், இருந்தது. ஸ்ரீதரனுக்குத் தொழிற்சாலை ஜெர்மன் வரும், ஆஸ்பத்திரி ஜெர்மன் வராது. எப்போதும்போல மகாதேவிதான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்து, "நீங்கள் எப்படி? தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். அவளை அப்படி யாரும் கேட்பதில்லை. "இல்லை, தூக்கமே இல்லை" என்றாள். "அந்தச் சத்தம் பலருக்கு அப்படித்தான். கொஞ்ச நாளைக்கு வேறு வேறு அறையில் படுத்துப் பாருங்கள்" என்றார் டாக்டர். மகாதேவி அதைத் தமிழில் தன் கணவருக்குச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

டாக்டர் சொன்னால் ஸ்ரீதரனுக்கு அது வேதவாக்கு. குளிசையைக்கூட நிமிடம் பார்த்துத்தான் விழுங்குவார். அன்றைக்கே மகன் மதிசுதனின் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றினார். மகன் வால்டோர்ஃபில் வேலை எடுத்துப் போய், அந்த அறை வெறுமனே கிடந்தது. கொஞ்ச நாள் என்று சொன்ன டாக்டர், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. மருந்துக்கு முடிகிற தேதி எழுதுவார்கள், இதற்கு எழுதவில்லை. மனைவி வா என்று கூப்பிடட்டும் என்று கணவர் இருந்தார். அவரே வரட்டும் என்று மனைவி இருந்தாள். கட்டி முப்பது வருடமான பெண்சாதி புருசனைப் பார்த்து, "வந்து என் பக்கத்தில் படுங்கோ" என்று எந்த வாயால் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். அப்படியே மூன்று வருடம் போனது.

இந்தக் கதை நடந்த கிழமைதான் வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு அன்ட்ராக், விண்ணப்பக் கடதாசி, வந்தது. அவர்கள் இருந்த கட்டடத்தைப் பிரித்துத் திருத்தப் போகிறார்கள், எல்லாரும் வெளியேற வேண்டும். வீட்டு நிர்வாகமே வேறு வீடு தரும். இரண்டறை வீடா, மூன்றறை வீடா என்று நிரப்பிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். இரண்டறை என்றால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. மூன்றறை என்றால் படுக்கையறை இரண்டு.

எந்தக் கடதாசி வந்தாலும் ஸ்ரீதரன் முதலில் பென்சிலால் நிரப்பி வைப்பார். மகாதேவி பார்த்துப் பிழை திருத்தியபிறகுதான் பேனை. அந்த வீட்டு வழக்கம் அது. சனிக்கிழமை காலை கடதாசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மூன்றறை என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோட்டுப் புள்ளடி போட்டிருந்தது.

"ஒருக்காப் பாரும், சரியோ எண்டு" என்றார்.

"பாக்கிறன்" என்றாள்.

பார்த்தாள். வீட்டு இலக்கம் சரி. பிறந்த தேதி சரி. அந்தப் புள்ளடி மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இதுவரை மகனின் அறை, தற்காலிகம், கொஞ்ச நாள் என்று ஒரு சாட்டு இருந்தது. புது வீட்டில் அது ஸ்ரீதரனின் அறை என்றே ஆகிவிடும். செத்தாலும் மாறாது.

"சரியோ?"

"இன்னும் முழுக்கப் பாக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. தேத்தண்ணி குடித்துவிட்டு ஸ்ரீதரன் சோபாவில் சாய்ந்திருந்தார். மகாதேவி கண்ணாடி மேசையைச் சுவரோரம் தள்ளினாள், கம்பளத்தின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லிப் பழகாத அவள் ஒரு பொய் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எழும்பி நில்லுங்கோ. எனக்கு வகுப்பிலை வீட்டுப்பாடம் தந்திருக்கினம்."

"உந்தச் சண்டைக்கும் வீட்டுப்பாடமோ?"

"ஓம். ஆரோடையாவது மூண்டு நிமிசம் பிடியிலை நிண்டு மூச்சு விட்டுப் பழகவேணுமாம்."

"என்னைத் தூக்கி எறிஞ்சீர் எண்டால் நேரை ஆஸ்பத்திரிதான். நான் போடுற குளிசைக்கு இரத்தம் நிக்காது, தெரியுந்தானே?"

"எறியிறேல்லை. பிடி மட்டும். நானென்ன விசரியோ?"

"ஐம்பத்து நாலு வயசிலை சண்டை பழகுறவளை வேறை என்னெண்டு சொல்லுறது?" என்றார். ஆனால் எழும்பினார். "சாரத்தோடை செய்யலாமோ?"

"இறுக்கிக் கட்டுங்கோ."

அவர் இடுப்புச் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை படமெடுக்க நிற்பதுபோலக் கம்பளத்தின் நடுவில் நின்றார். அவள் கைபேசியில் மூன்று நிமிடம் வைத்தாள்.

"வலது கையை என்ரை பிடரியிலை வையுங்கோ. மற்றக் கையாலை முழங்கையைப் பிடியுங்கோ. அப்பிடியில்லை, உதென்ன சட்டிமூடியைத் தொடுறமாதிரி? வடிவாய்ப் பிடியுங்கோ."

பிடித்தார். அவள் தலையைக் குனிந்து அவருடைய தாடைக்குக் கீழே கொண்டுபோய், காதை நெஞ்சில் ஒட்டினாள். பழைய வெட்டின் தழும்பு சட்டைக்குள்ளால் கன்னத்தில் பட்டது. மண்டபத்தில் அவள் காது வைத்த எந்த நெஞ்சும் இப்படி அடித்ததில்லை. துஷானியின் இருதயம் முயல்குட்டி. ஹைக்கேயினுடையது யாரோ மரம் கொத்துவது போலிருக்கும். இது டிக், டிக், டிக். மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள். சோப்பும் தேத்தண்ணியும் கலந்த அவருடைய மணம் வந்தது.

"சத்தம் கேக்குதோ?" என்று தலைக்கு மேலே அவருடைய குரல் கேட்டது.

"கேக்குது."

அவர் நெஞ்சைப் பின்னுக்கு எடுத்தார். இடைவெளி விழுந்தால் மூடு என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறார்களே, உடம்பு தானாகவே ஒரு அடி முன்னுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"விடும் மகா."

"மூண்டு நிமிசம் முடியேல்லை."

"உமக்கு உந்தச் சத்தம் ஒத்துவராது. நித்திரையில்லை எண்டு டொக்டரிட்டைச் சொன்னனீர்தானே. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அவ்வளவு ஜெர்மன் எனக்கும் விளங்கும்."

மகாதேவி தலையை எடுக்கவில்லை. நெஞ்சைப் பார்த்தே பேசினாள், முகத்தைப் பார்த்திருந்தால் அது வாயில் வந்திராது.

"நித்திரையில்லை எண்டுதான் சொன்னனான். ஏன் நித்திரையில்லை எண்டு அவர் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

"ஏன்?"

"நிண்டிடுமோ எண்டு. ஒரு டிக் கேட்டால் அடுத்ததைப் பாத்துக்கொண்டு கிடப்பன். அது வந்தால் அடுத்தது. விடியுமட்டும் காவல் கிடந்தனான். நீங்கள் அந்த அறைக்குப் போனாப்பிறகு சத்தமும் கேக்கேல்லை, நித்திரையும் வரேல்லை."

கைபேசி கிணுகிணுவென்று அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. இருவரும் சட்டென்று கையை எடுத்தார்கள், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல. "சரி, பாடம் முடிஞ்சுது" என்றார் ஸ்ரீதரன். கண்ணாடி மேசையைத் திரும்ப நடுவுக்கு இழுத்து வைத்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொல்லிவிட்டேனே, இனி என்ன என்று மகாதேவி நின்றாள். இதைவிட எப்படிச் சொல்வது? கம்பளத்தில் அவர்கள் நின்ற இடம் அமுங்கியிருந்தது. அதைக் காலால் நீவிவிட்டாள்.

திங்கட்கிழமை பின்னேரம் அவள் வேலையால் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தார். வந்து கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டு, விலை ஏறிவிட்டது என்றார். கடதாசி அப்படியே கிடந்தது, பென்சில் புள்ளடியோடு.

செவ்வாய்க்கிழமை அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் வந்து நின்றார். ஏதோ தேடுவதுபோல அலுமாரியைத் திறந்தார், மூடினார்.

"இண்டைக்கு வீட்டுப்பாடம் இல்லையோ?"

அவளுடைய கத்தி நின்றது. "இருக்கு" என்றாள், திரும்பிப் பாராமல். "கை வெங்காயம் மணக்கும்."

"மணக்கட்டும்."

அன்றைக்கு ஐந்து நிமிடம் நின்றார்கள். இந்தமுறை அவருக்குப் பிடியைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் முடிந்ததும் அவர் தன் அறைக்குத்தான் போனார், இவள் தன் அறைக்குத்தான் போனாள்.

புதன்கிழமை மண்டபத்துக்குப் போகிற ட்ராமில் துஷானி கேட்டாள்: "அன்ரி, அங்கிளுக்கு என்ன நடந்தது? முந்தாநாள் கடையிலை கண்டனான். புதன்கிழமை வகுப்பிலை வீட்டுப்பாடம் குடுக்கிறவையோ எண்டு கேட்டவர்."

மகாதேவிக்குக் காது சுட்டது. "நீர் என்ன சொன்னனீர்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை எண்டனான். ஏன், பிழையோ?"

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சும்மா சிரிச்சார். பிறகு எனக்கு ஒரு பை முறுக்கு வாங்கித் தந்திட்டுப் போனார். அங்கிள் சிரிச்சு நான் இவ்வளவு காலமும் கண்டதில்லை."

திங்கட்கிழமையே அவருக்குப் பொய் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் செவ்வாய்க்கிழமை குசினி வாசலில் வந்து நின்று கேட்டிருக்கிறார். மகாதேவி ட்ராம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்து நாலு வயது முகம், இப்படிச் சிவக்குமா?

அன்றைக்கு ஹைக்கே அவளைத் தன்னோடு ஜோடி சேர்த்தாள். பிடித்தார்கள். காது நெஞ்சில் ஒட்டியது. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. ஹைக்கே மேலிருந்து மெல்லச் சொன்னாள்: "மகா, நீ நன்றாகப் பிடிக்கிறாய். இந்த மண்டபத்தில் உன்னைப்போல ஒட்டுகிறவர் யாரும் இல்லை. ஆனால் ஒட்டிக்கொண்டே நின்றால் எதிராளிதான் முடிவெடுப்பார். பிடித்தாயா, அடுத்ததைச் செய். இல்லையா, விட்டுவிட்டுப் போ."

மகாதேவி இடுப்பைக் குறுக்கே கொடுத்தாள். கழுத்தை அணைத்த கை இறுகியது. தோள் திரும்பியது. வாய் திறக்கவில்லை, ஒன்றுகூட எண்ணவில்லை. ஹைக்கேயின் கால் இரண்டும் காற்றில் போய், கூரை வேய்கிற அந்தப் பெரிய உடம்பு மெத்தையில் 'தொம்' என்று விழுந்தது. விழுந்த வேகத்தில் மகாதேவியும் அவள்மேல் விழுந்தாள். பதினைந்து பேரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஐயோ, நோகுதோ?" என்று மகாதேவி தமிழில் கேட்டாள்.

கேட்டது விளங்காமலே ஹைக்கே படுத்தபடி சிரித்தாள். "ஒருவழியாக!" என்றாள்.

துஷானி ஓடிவந்தாள். "அன்ரி! எண்ணேல்லை!"

"மறந்துபோனன் பிள்ளை."

வியாழக்கிழமை காலை ஸ்ரீதரன் நடக்கப் போயிருந்த நேரம், அவள் கடதாசியைத் தன் முன்னால் இழுத்து வைத்தாள். கையில் அழிறப்பர். எதையும் திருத்துகிற உரிமை அவளுக்கு இருந்தது, அது அந்த வீட்டுச் சட்டம். அந்தப் புள்ளடியை அழித்து அடுத்த கட்டத்தில் போட எவ்வளவு நேரம்? ஆனால் அது எழுத்துப்பிழை அல்லவே. அவர் நினைத்துப் போட்டது. நேற்று ஒரு கூரைக்காரியைத் தூக்கி எறிந்த கைக்கு ஒரு பென்சில் கோட்டை அழிக்கத் தைரியம் வரவில்லை. அழிறப்பரை மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. வீட்டு நிர்வாக அலுவலகத்தில் இளம் அலுவலர் ஒருத்தி இருந்தாள், கழுத்தில் மஞ்சள் சால்வை. மகாதேவி வழக்கம்போல நடு நாற்காலியில் இருந்தாள், பேச வேண்டியது அவள்தானே. ஸ்ரீதரன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரத்தில் இருந்தார். அலுவலர் கடதாசியைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"இது பென்சில். பென்சிலில் ஏற்கமாட்டோம். பேனையால் நிரப்புங்கள்." ஒரு பேனையைத் தள்ளினாள். "மூன்றறைதானே? பிறகு மாற்ற முடியாது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

மகாதேவி அவர் பக்கம் திரும்பினாள், தமிழில் சொல்வதற்காக. "மூண்டறைதானோ எண்டு கேக்கிறா. பிறகு மாத்த..."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். மேசைப் பக்கம் குனிந்து, தன் தொழிற்சாலை ஜெர்மனில், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரலில், அந்த அறை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"இல்லை. ஒரு படுக்கையறை போதும். என் மனைவி என்னோடு படுப்பாள்."

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மகாதேவிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இஞ்சருங்கோ! என்ன கதை இது, மெல்லச் சொல்லுங்கோவன்!"

"பிழையே? இலக்கணம் பிழையே?"

"இலக்கணம் சரி!"

"அப்ப என்ன?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "மூண்டறை எண்டு போட்டது நீர் திருத்துவீர் எண்டுதான். ஆறு நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீர் ஒண்டும் செய்யேல்லை. உமக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு... பிறகு உந்த வீட்டுப்பாடக் கதை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை மகா. இப்ப நான் சொல்லிப்போட்டன். இனி நீர் சொல்லும்."

அலுவலருக்கு இது எதுவும் விளங்கவில்லை. ஆனால் மனிதர்களைப் பார்த்தால் தெரியாதா? அவள் அவசரப்படுத்தாமல் மகாதேவியைப் பார்த்தாள். "நீங்கள்? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இந்த நாட்டில் இத்தனை வருடமாக மகாதேவி எத்தனை பேருடைய சொல்லை ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள்! கணவருக்கு வலி எங்கே, மகனுக்குக் காய்ச்சல் எத்தனை, பக்கத்து வீட்டு அக்காவின் வழக்கு எப்போது. தனக்கு என்ன வேண்டும் என்று அந்த மொழியில் சொல்லிப் பார்த்ததில்லை. தமிழிலும்தான் சொன்னதில்லை.

"எனக்கும் ஒன்று போதும்" என்றாள். நிமிர்ந்து இருந்து மறுபடியும் சொன்னாள். "ஒரு படுக்கையறை. அதுதான் எனக்கு வேண்டும்."

அலுவலர் தலையசைத்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். அவளுக்கு அன்றைக்கு அது பன்னிரண்டாவது வீடாக இருக்கலாம். இருவரும் பேனையால் கையெழுத்துப் போட்டார்கள். வீடு கிடைக்க ஐந்து மாதமாகும் என்றாள்.

வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் நின்றார்கள். நல்ல வெயில். தெருவில் நிற்கும்போது எப்போதும் விடுகிற ஒரு முழ இடைவெளியை இப்போதும் விட்டே நின்றார்கள். அந்த ஒரு முழமும் மகாதேவியின் தோளில் சூடாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னேர வேலை, நேரே இல்லத்துக்குப் போக வேண்டும். அவருக்கு எதிர்ப்பக்கத்து ட்ராம்.

"ஐஞ்சு மாசமாம்" என்றாள், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"புது வீட்டுக்குத்தானே ஐஞ்சு மாசம்" என்றார், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

அவளும் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"இண்டைக்கு எத்தினை மணிக்கு வருவீர்?"

"ஒன்பதரை ஆகும்."

"நான் சாப்பிடாமல் பாத்துக்கொண்டிருப்பன்."

"ஏழு மணிக் குளிசை?"

"அதைப் போட்டிட்டு இருப்பன். சாப்பாடு உம்மோடை."

அவளுடைய ட்ராம் வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். தன் ட்ராம் வந்து நின்றும் அவர் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவள் போகிற திசையைப் பார்த்தபடி வெயிலில் நின்றார். வளைவில் திரும்பும்வரை அவள் பார்த்தாள். பிறகு நேரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வேலை பன்னிரண்டரைக்கு. ஏழாம் அறைக் கிழவியைக் குளிக்க வார்க்க வேண்டும், மூன்றாம் அறைக்குத் துணி மாற்ற வேண்டும், எல்லாருக்கும் சூப் கொடுக்க வேண்டும், எல்லாரையும் படுக்க வைக்க வேண்டும். ஒன்பதரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருந்தது.